ஃப்ரேமுக்கு இவ்வளவு

கூட்டத்தை வரைவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருத்தர் தோளுக்குப் பின்னால் இன்னொருத்தர் பாதி தெரிவது, அதற்கும் பின்னால் ஒரு கை மட்டும் தெரிவது, எங்கேயோ ஒரு குழந்தை அப்பா கழுத்தில் உட்கார்ந்துகொண்டு ஊரே பார்க்கிற திசையை விட்டுவிட்டு வேறெங்கோ பார்ப்பது. தாராவியில் பொங்கலன்று தெருவிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்கள். பள்ளிக்கூட வயதில் அதைப் பார்த்துவிட்டு வந்தால் ரஃப் நோட்டில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அந்தத் தெருவைப் போட்டால்தான் தூக்கம் வரும். இப்படி ஊறிக் கிடந்த ஒரு ஆசையை ஒரு ரேட் கார்டு மெல்ல மெல்லத் தின்றது. கலையே தொழிலாகிவிட்டால் ருசி போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போகும்தான், ஆனால் எந்த வழியாகப் போகிறது என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த வரைக்கும் அது கணக்கு வழியாகப் போகிறது.

விளம்பரப் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைவது என் வேலை. மும்பையில் விளம்பரத் தொழில் பெரிது என்பதால் இதை மட்டுமே செய்து குடும்பம் நடத்த முடிகிறது. ஏஜென்சி ஸ்கிரிப்ட் எழுதும், டைரக்டர் அதை எப்படி எடுக்கப்போகிறோம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார், அவர் சொல்லச் சொல்ல நான் ஷாட் ஷாட்டாகப் படம் போடுவேன், அப்படிப் போடுகிற ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். முப்பது விநாடிப் படத்துக்கு இருபது, இருபத்தைந்து ஃப்ரேம் வரும். ஷூட்டிங்குக்கு முன்னால் பிபிஎம் என்று ஒரு மீட்டிங் உண்டு. கிளையன்ட், ஏஜென்சி, தயாரிப்புக் கம்பெனி மூன்று தரப்பும் உட்கார்ந்து நடிகரின் சட்டை நிறம் வரைக்கும் முடிவு செய்வார்கள், அங்கே திரையில் ஓடுவது என் படங்கள்தான். படம் எடுத்து முடித்ததும் அவற்றுக்கு வேலை இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, கட்டடம் எழும்பிய பிறகு சாரத்தைப் பிரிக்கத்தானே வேண்டும்.

கூலி ஃப்ரேம் கணக்கு. ஒரு ஃப்ரேமுக்கு இவ்வளவு, கலர் என்றால் கூடக் கொஞ்சம், ராத்திரியோடு ராத்திரியாக வேண்டுமென்றால் அதற்கு மேல் கொஞ்சம். நான் வந்தபோது என்னைச் சுற்றி எல்லோரும் அப்படித்தான் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். இப்போது பாருங்கள். தட்டில் ஒரு பிஸ்கட், பக்கத்தில் டீ, ஆவி பறக்கிறது: ஒரு ஃப்ரேம். கல்யாண மண்டபம், மேலேயிருந்து வைட் ஷாட், பந்தியில் இருநூறு பேர், நடுவில் ஒரு தாத்தா அப்பளத்தை நொறுக்குகிறார்: அதுவும் ஒரு ஃப்ரேம். பிஸ்கட்டுக்குப் பத்து நிமிடம். பந்திக்குப் பாதி ராத்திரி. காசு ஒன்றுதான்.

இது மூளைக்கு முன்னால் கைக்குப் புரிந்துவிடுகிறது. ஸ்கிரிப்டில் சந்தை, ரயில்வே பிளாட்ஃபார்ம், கிரிக்கெட் மைதானம் என்று எது வந்தாலும் நஷ்டம் என்றுதான் முதலில் தோன்றும். டைரக்டரிடம் ரொம்ப விஷயம் தெரிந்தவன் மாதிரி, "இங்கே தாத்தாவின் விரலில் க்ளோஸா ஆரம்பித்தால் எமோஷன் நன்றாக வருமே" என்பேன். அவரும், அட ஆமாம் என்பார். சினிமா தெரிந்த ஸ்டோரிபோர்டுக்காரன் என்று எனக்கு ஒரு பேர்கூட வந்தது! அந்த யோசனையில் பாதி சினிமா, பாதி கூலிக் கணக்கு. எது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

கவனித்துப் பார்த்தால், காசு வாங்கியது இங்கே சிக்கலே இல்லை. அதே காசை வேறு மாதிரி எண்ணியிருந்தால் எனக்குக் கூட்டத்தின் மேல் எரிச்சல் வந்திருக்காது.

இதைப் பற்றி உளவியலில் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது, பலரும் அரைகுறையாக மேற்கோள் காட்டுவது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் ஸ்டான்ஃபோர்டில் நர்சரிக் குழந்தைகளை வைத்துச் செய்து 1973-ல் வெளியிட்டார்கள். ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தால் தானாகவே வரைகிற குழந்தைகளாகப் பார்த்து எடுத்து, மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்திடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்திடம் எதுவும் சொல்லவில்லை, வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு, யார் போய் எடுக்கிறார்கள் என்று மறைந்திருந்து பார்த்தார்கள். முதல் கூட்டத்துக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான்.

பரிசு கொடுத்தால் ஆர்வம் செத்துவிடும் என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கூட்டத்தை மறந்துவிடுவார்கள். அந்தக் குழந்தைகளுக்கும் அதே சான்றிதழ், அதே ரிப்பன் கிடைத்தது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை வரைந்தால் அது கிடைக்கும் என்று வரைவதற்கு முன்னாலேயே மனதில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டதுதான் முதல் கூட்டத்துக்கு நடந்த கேடு. ஃப்ரேம் ரேட் அந்த முடிச்சை ஒவ்வொரு படத்திலும் புதிதாகப் போடுகிறது. இருபத்தைந்து ஃப்ரேமுக்கு இருபத்தைந்து முடிச்சு.

எனக்குத் தெரிந்த வயலின்காரர் ஒருவர் இருக்கிறார், மாட்டுங்காவில் வளர்ந்தவர், கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு ஸ்டூடியோ ரெக்கார்டிங்கில் வாசிப்பவர். என்னைவிட மூத்தவர். அவருக்கு ஷிஃப்ட் கணக்கில் காசு. ஒருநாள் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காபி குடித்துக்கொண்டே என் புலம்பலையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாலு நோட்டு வாசிச்சாலும் ஷிஃப்ட்டு, நானூறு நோட்டு வாசிச்சாலும் ஷிஃப்ட்டு. அதனால நோட்டு மேல எனக்குக் கோபமே வராதுப்பா. கோபம்லாம் டிராஃபிக் மேலதான்." ரெக்கார்டிங்கில் அவருக்கு வருவது பெரும்பாலும் பின்னணியில் இழுக்கிற நீள நீள நோட்டுகள்தான், பெரிய வித்தை காட்ட இடமே இல்லை. இருந்தும் மனிதர் வீட்டுக்குப் போய் வயலினைத் திறந்துவைத்துக்கொண்டு தோடி வாசிக்கிறார். எனக்கு அன்று பொறாமையாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் ஃப்ரேம் ரேட்டை விட்டுவிட்டேன். இப்போது ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு, இந்தப் படத்துக்கு மொத்தமாக இவ்வளவு, இத்தனை நாள் என்று ஒரே தொகையாகச் சொல்கிறேன். கூட்டம் இருந்தால் அந்தத் தொகையிலேயே அதுவும் சேர்ந்துவிடும். சில தயாரிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள், ஒருத்தர் "ஃப்ரேமுக்கு எவ்வளவு வருது, அதைச் சொல்லு" என்று கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். சிலர் போய்விட்டார்கள். நாள் கூலிக்கும் ஒரு கெடுதல் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேரத்துக்குக் காசு கொடுக்கிறவர் அந்த நேரம் எங்கே போகிறது என்று பார்க்க விரும்புவார், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் மொத்தத் தொகை. நான் எப்போது, எப்படி, எந்த ஃப்ரேமில் எவ்வளவு நேரம் உருண்டு புரள்கிறேன் என்பது என் பாடு.

பக்கத்தில் நாற்காலி போடுவது என்றதும் இன்னொன்று. யார் எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்பது கணக்குக்கு அடுத்தபடியாக ருசியைக் கெடுப்பது. தெரசா அமபிலே என்ற உளவியலாளர் கல்லூரி மாணவிகளைக் காகிதத் துண்டுகளை ஒட்டிக் கொலாஜ் செய்யச் சொன்னார். இதை மதிப்பிடப் போகிறோம் என்று சிலரிடம் முன்பே சொன்னார், சிலரிடம் சொல்லவில்லை. பெரும்பாலும், மதிப்பீடு வரும் என்று தெரிந்து செய்தவர்களுடைய கொலாஜில்தான் புதுமை குறைவு என்று நடுவர்கள் சொன்னார்கள். இதே அமபிலே பின்னால் 23 ஓவியர்களிடமிருந்து ஆளுக்குப் பத்து ஆர்டர் படம், பத்து சொந்தப் படம் என்று வாங்கி, எது எது என்று சொல்லாமல் நடுவர்களிடம் காட்டினார். கைத்திறனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புதுமையில் ஆர்டர் படங்கள் பின்தங்கின. ஆனால் கட்டிப்போடாத ஆர்டர்களும் இருந்தன, ஓவியருக்குப் புதிதாக ஏதோ செய்து பார்க்க வழிவிட்ட ஆர்டர்கள், அவை அப்படிப் பின்தங்கவில்லை.

என் வேலையில் பார்க்கிற கண்கள் என்றால் வாட்ஸ்அப் குரூப். டைரக்டர், அவருடைய அசிஸ்டென்ட், தயாரிப்பாளர், ஏஜென்சியில் நாலு பேர், சில நேரம் கிளையன்டின் மார்க்கெட்டிங் ஆள். "எந்த அளவுல இருக்கு, அப்படியே அனுப்பு" என்று கேட்பார்கள். பாதி வரைந்ததை அனுப்பினால் அவ்வளவுதான், மீதிப் பாதியை எட்டு பேர் சேர்ந்து வரைவார்கள். அதனால் நான் இப்போது வேலையை மூன்று துண்டாக வெட்டிவிட்டேன். முதலில் தீக்குச்சி மனிதர்களை வைத்துக் கட்டைவிரல் அளவில் எல்லா ஷாட்டையும் ஒரே தாளில் போட்டு அனுப்புவேன். கேமரா எங்கே, யார் எந்தப் பக்கம், எல்லாச் சண்டையும் அங்கேயே போட்டு முடித்துக்கொள்ளலாம், தீக்குச்சியை மாற்ற எனக்கு வலிக்காது. அது ஓகே ஆனதும் நடுவில் யாருக்கும் எதுவும் காட்ட மாட்டேன். கடைசியில் முழுசாக அனுப்புவேன், இரண்டு தடவை திருத்தம் ரேட்டில் அடக்கம், மூன்றாவது தடவையிலிருந்து தனிக் காசு. இதை ஈமெயிலில் எழுதி வாங்கிக்கொண்டுதான் பென்சிலையே எடுப்பேன்.

அந்த நடுத் துண்டுதான் எனக்கு முழுசாகக் கிடைப்பது. கதவு சாத்திய மாதிரி. அங்கே ஏதாவது ஒன்று என் இஷ்டத்துக்குச் செய்வேன், பின்னணியில் ஒரு கடைப் பலகை, ஜன்னலில் ஒரு பூனை, வாட்ச்மேனின் மூக்கு. கதைக்கு அது தேவையில்லை, யாரும் கேட்கவில்லை, ஆனால் அதைப் போடப்போகிறோம் என்கிற நினைப்பிலேயே மீதி ஃப்ரேமெல்லாம் ஓடிவிடும். ஒருமுறை ஒரு டைரக்டர் அந்தப் பூனையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே ஷூட்டிங்குக்கு ஒரு பூனையை வரவழைத்தார், அது விளக்குக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லையாம். அது வேறு கதை.

இவ்வளவு செய்தாலும் கடைசியில் படம் நம்முடையது இல்லை, அதை மறக்கக்கூடாது. 1957 காப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்றால், காசு கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். வரைந்தவருக்கு மிஞ்சுவது தார்மிக உரிமை, அதாவது தன் படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கிற உரிமை. அதுவும் லேசானது இல்லை. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அரசு 5 லட்ச ரூபாய் நஷ்டஈடும் தர வேண்டும் என்றது. இருபத்தாறு வருடம். பிஸ்கட் ஃப்ரேமுக்காக நான் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ஆர்டர் படத்தின் மேல் ரொம்பப் பாசம் வைக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான். பாசம் வைக்க வேறு இடம் வேண்டும்.

அந்த வேறு இடம் என்றால் எனக்கு ஆர்.கே. லக்ஷ்மண் ஞாபகம் வரும். மைசூரில் 1921-ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இதே மும்பையில் ஜே.ஜே. ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டில் சேர விண்ணப்பித்து, போதிய திறமை இல்லை என்று நிராகரிக்கப்பட்டவர். 1951-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் பாக்கெட் கார்ட்டூனை ஆரம்பித்து ஐம்பது வருடத்துக்கு மேல் போட்டார். செய்தி பிடித்திருக்கிறதோ இல்லையோ, அன்றைக்கு மனது சரியாக இருக்கிறதோ இல்லையோ, அடுத்த நாள் காலை பேப்பர் வந்தாக வேண்டும். இதைவிடக் கட்டிப்போடுகிற வரைவேலை இருக்க முடியாது. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் காக்கை வரைந்தார். சின்ன வயதிலிருந்தே. கார்ட்டூனில் மந்திரி உண்டு, பட்ஜெட் உண்டு, கோட்டுப் போட்ட சாமானியன் உண்டு. காக்கைப் படத்தில் காக்கை மட்டும். அதற்குக் கீழே வசனம் வேண்டாம், அது யாரையும் சிரிக்கவைக்க வேண்டாம், நாளைக்குப் பழசாகிவிடும் என்ற பயமும் இல்லை. பின்னாளில் அந்தக் காக்கைகளும் கண்காட்சிக்கு வந்தன, மக்கள் விரும்பி வாங்கவும் செய்தார்கள். நர்சரியின் இரண்டாவது கூட்டம் மாதிரிதான், பரிசு பிறகுதான் வந்தது.

என் காக்கை ரயிலில் இருக்கிறது. ஜிடிபி நகரில் ஏறி, வடாலா ரோட்டில் மாறி, அந்தேரி வரைக்கும் போகிற நேரம். வேலைக்கு டேப்லெட், இதற்குச் சாதாரண பால்பாயின்ட் பேனாவும் சட்டைப் பையில் அடங்குகிற நோட்டும். பால்பாயின்ட் என்பதில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். டேப்லெட்டில் தப்பான கோட்டை இரண்டு விரலால் தட்டினால் போய்விடும், அதனால் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பேன், சரியான கோடு எது என்பதே ஒரு கட்டத்தில் மறந்துவிடும். பேனாவில் போட்டது போட்டதுதான், வண்டி குலுங்கினால் மூக்கும் குலுங்கும். தூங்குகிறவர்கள்தான் நல்ல மாடல், கைப்பிடியில் தொங்கிக்கொண்டே தூங்குகிற கலையை இந்த ஊரில்தான் பார்க்கலாம். எப்போதாவது யாராவது எட்டிப் பார்த்து "மேரா பீ பனா தோ", என்னையும் வரைந்து கொடு என்பார்கள், அவரையும் போட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்துவிடுவேன்.

இந்த நோட்டை இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை, விற்பதும் இல்லை. போட ஆரம்பித்தால் எந்தப் படத்துக்கு எத்தனை லைக் என்று எண்ணத்தான் செய்வேன், என்னை எனக்குத் தெரியும். எண்ண ஆரம்பித்தால் தூங்குகிற ஆளைவிடத் தலையில் கூடை வைத்த மீன்காரம்மாவுக்கு அதிகம் விழும், அப்புறம் நான் மீன்காரம்மாக்களை மட்டும் தேடிக்கொண்டு அலைவேன். விற்பது விஷயத்தில் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. ஒரு தயாரிப்புக் கம்பெனிக்காரர் எதேச்சையாக நோட்டைப் பார்த்துவிட்டு, ஆபீஸ் சுவருக்கு வேண்டும், நல்ல காசு தருகிறேன் என்றார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

"வாசல்ல வந்து நிக்கிற லட்சுமிய எவனாச்சும் போயிட்டு வான்னு அனுப்புவானா?" என்றாள் என் மனைவி. அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம், காசு விஷயத்தில் என்னைவிடத் தெளிவு. நான் லெப்பர், கிரீன், நிஸ்பெட் எல்லோரையும் இழுத்து விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நோட்டக் குடுக்க வேண்டாம். அவருக்குன்னு தனியாப் பத்து ரயில் படம் வரைஞ்சு குடுங்க. அது ஆர்டரு. இது உங்க நோட்டு. ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புறீங்க?" என்றாள். எனக்குத் தோன்றவே இல்லை. வரைந்து கொடுத்தேன், காசும் சொன்ன நாளுக்கு வந்தது. அந்தப் பத்துப் படத்திலும் ஆட்கள் கொஞ்சம் அழகாகவே இருந்தார்கள், யாருக்கும் வாய் பிளக்கவில்லை.

சொன்ன நாளுக்கு வந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கமாக அது வராது. பில்லைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் அக்கவுன்ட்ஸ் ஆளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கசப்பு நேராக வரைகிற மேஜைக்குத்தான் வந்து உட்காரும். சலிப்பு, ருசி போய்விட்டது என்று நாம் சொல்வதில் ஒரு பெரிய பங்கு வராத காசின் மேல் உள்ள கோபம்தான் என்பது என் எண்ணம். நம்மைப் போன்றவர்கள் சிறுதொழில்களைப் பதிவு செய்கிற மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். பதிந்துகொண்டால் 2006-ஆம் ஆண்டின் சிறுகுறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக்கூடாது, இழுத்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. வட்டியை யாரும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டுவைத்தால் அக்கவுன்ட்ஸ் ஆள் முதல் போனிலேயே எடுக்கிறார். பாதிப் பணம் முன்பணமாக வாங்குவதையும் பழகிக்கொள்ளுங்கள், கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஏஐ பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். வேலை குறைந்திருக்கிறது, அதை மறைக்க ஒன்றுமில்லை. அதைவிட எனக்கு எரிச்சல், இப்போது ஏஜென்சி வரும்போதே முடிந்துபோன மாதிரி பளபளவென்று ஒரு படத்தைக் கொண்டுவந்து "இதே மாதிரி" என்கிறது. தீக்குச்சி மனிதர்களோடு சண்டை போடுகிற முதல் துண்டே அங்கே காணாமல் போய்விடுகிறது. இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஆர்டர் வேலை என்றாலே மட்டம், சொந்தப் படம்தான் கலை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்முடைய பத்திரிகை ஓவியர்கள் எல்லோரும் ஆர்டருக்கு வரைந்தவர்கள்தானே. கல்கியின் தொடர்கதைக்கு மணியம் வாராவாரம் வரைந்தார், அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது எழுதுகிறவரின் கையில், அச்சுக்குப் போகிற நாள் பத்திரிகையின் கையில். இவ்வளவு நெருக்கடியில் அவர் போட்டதைப் பார்த்துத்தான் இன்றைக்கும் நமக்கு வந்தியத்தேவன் என்றால் ஒரு உருவம் மனதில் வருகிறது. கோபுலு விகடனில் வரைந்துவிட்டு விளம்பரத் துறைக்குப் போனார், சொந்தமாக ஆட்வேவ் என்று விளம்பரக் கம்பெனியே நடத்தினார். வயதான காலத்தில் வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். ஐம்பது வருடம் ஆர்டருக்கு வரைந்த ஒரு ஆள், நிறுத்திக்கொள்ள நல்ல காரணம் கிடைத்தும் நிறுத்தவில்லை. கூலி வாங்கினால் ருசி போய்விடும் என்று சொல்கிறவர்கள் இவரை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகள். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள், கூடவே பென்சிலில் முகம் வரைந்து கொடுக்கிறாள். கல்யாணப் பரிசு, பிறந்தநாள் பரிசு என்று ஃபோட்டோவை அனுப்பினால் ஃபிரேம் போட்டு கூரியரில் அனுப்புவாள். போன வாரம் போனில், "மாமா, பென்சிலப் பாத்தாலே கடுப்பா வருது, நிறுத்திரலாமான்னு இருக்கேன்" என்றாள். ரேட் எப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஏ4, ஏ3 என்று அளவுக்கு ஒரு ரேட், அதற்கு மேல் ஒவ்வொரு முகத்துக்கும் இவ்வளவு. குடும்ப ஃபோட்டோ வந்தால் முதலில் தலையைத்தான் எண்ணுகிறாளாம். ஃபோட்டோ மங்கலாக இருந்தாலும் வரைந்தாக வேண்டும், மொபைலில் ஃபில்டர் போட்டு மூக்கே இல்லாமல் வருகிற முகத்துக்கும் மூக்கு வைத்தாக வேண்டும்.

முகக் கணக்கை எடுத்துவிடு, தாளுக்கு ஒரே ரேட், கொஞ்சம் ஏற்றியே வை, மூன்று முகத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். இன்னொன்று, ஆர்டர் கொடுக்கிறவர் குறைந்தது மூன்று ஃபோட்டோ அனுப்ப வேண்டும், அதில் எதை வரைவது என்பதை நீதான் முடிவு செய்வாய் என்று முதலிலேயே போட்டுவிடு. முழு வேலையில் அந்த ஒன்றாவது உன் கையில் இருக்கட்டும். அவள் யோசித்துவிட்டு, "ஆளு வராது மாமா" என்றாள். ஆனாலும் மாற்றிப் போட்டிருக்கிறாள்.

இரண்டு பேர் ரேட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். நேற்று ஒருத்தர் மூன்றுக்கு ஏழு ஃபோட்டோ அனுப்பியிருக்கிறார், அவருடைய அம்மாவுடையது. அதில் ஒன்று ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்ததாம், இவள் அதைத்தான் எடுத்திருக்கிறாள், அவர் ஒத்துக்கொள்வாரா என்று இன்னும் தெரியவில்லை. அதற்குள் அக்கா எனக்குப் போன் போட்டு, "புள்ளைக்கு வந்துக்கிட்டிருந்த ரெண்டு ஆர்டரையும் கெடுத்துட்டியேடா" என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். தீபாவளி வரைக்கும் பொறு என்று சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் தேறவில்லை என்றால் பழைய ரேட்டுக்கே போகட்டும், ஆனால் அந்த மூன்று ஃபோட்டோ விஷயத்தை மட்டும் விட வேண்டாம் என்று மருமகளிடம் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.